கண்ணாடியில் தெரிந்த கை

('ஒரு விஞ்ஞானியை உருவாக்குவதில் விஞ்சி நிற்பது கருவியா? கேள்வியா?' என்ற தலைப்பில், விருத்தாசலம் மேடையில் 'கேள்வியே' என்ற அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! கருவிகளையெல்லாம் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! பழமலைநாதர் குடியிருக்கிற இந்த விருத்தாசலத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு பட்டியல் வாசித்தார். தொலைநோக்கி, நுண்ணோக்கி, எக்ஸ்ரே, ஸ்கேன்... எனக்கு ஒரு நிமிஷம் இது பட்டிமன்றமா, இல்லை ஆஸ்பத்திரி பில்லா என்றே சந்தேகம் வந்துடுச்சு. (சிரிப்பு) கடைசியிலே ஒரு வார்த்தை சொன்னார் பாருங்க. "மூளையை ஆராயணும்னா எம்.ஆர்.ஐ. மெஷின் வேணும். அதுக்குக் கோடிக்கணக்குல பணம் வேணும். விருத்தாசலத்துப் பிள்ளை எவ்வளவு கேள்வி வேணும்னாலும் கேட்கலாம், பதில் சொல்ல மெஷின்தான் வரணும்" என்றார்.

நடுவர் அவர்களே, அவரே மூளையைத் தொட்டுட்டார். நானும் மூளையையே எடுத்துக்கிறேன். பயப்படாதீங்க, எதிரணியோட மூளையை இல்லை. (சிரிப்பு)

வி.எஸ். ராமச்சந்திரன் என்று ஒரு மருத்துவ விஞ்ஞானி. 1951இல் தமிழ்நாட்டிலே பிறந்தவர். நம்ம அரசியல் சட்டத்தை வரைந்த குழுவிலே இருந்தாரே அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர், அவருடைய பேரன். அப்பாவுக்கு ஐ.நா. சபை சார்ந்த வேலை. அதனாலே பையன் பாங்காக்கிலும் வளர்ந்தான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலே டாக்டருக்குப் படித்தார். அங்கிருந்து கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போய் ஆராய்ச்சிப் பட்டம். 1983இல் அமெரிக்காவிலே சான் டியேகோவில் இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். 2003இல் பி.பி.சி. வானொலியின் ரீத் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். 2007இல் நம்ம அரசு பத்மபூஷண் கொடுத்தது.

எதிரணித் தம்பி கண்ணு மின்னுது. "அம்மா, அவங்க அப்பா சின்ன வயசிலேயே ஜெர்மன் மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுத்தாரே, அதைச் சொல்லலையே"ன்னு கேட்கப் போறார். நானே சொல்லிடறேன். வாங்கிக் கொடுத்தார். அம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்திலே ஒரு சின்ன ரசாயனக் கூடம் அமைக்கப் பையனுக்குத் துணை நின்னாங்க. நம்ம வீடுகள்ல மாடிப்படிக்குக் கீழே என்ன இருக்கும்? பழைய செருப்பு, ஓடாத மிக்ஸி, விளக்குமாறு. (சிரிப்பு) ஆனா மைக்ராஸ்கோப் வாங்கின பையன் எல்லாம் ராமச்சந்திரன் ஆகிட்டானா? நம்ம ஊர்ல வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர்ல பிள்ளைங்க என்ன பார்க்கிறாங்கன்னு நமக்குத் தெரியாதா?

ஸ்டான்லியிலே மாணவராக இருக்கும்போதே அவருக்கு ஒரு கேள்வி. கண் இரண்டு இருக்கு. ஆனா உலகம் ஒண்ணாத்தானே தெரியுது? இந்தப் பார்வை விஷயத்தைப் பற்றி எழுதி லண்டனிலிருந்து வருகிற 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். பிரசுரமாயிடுச்சு. மீசை சரியா முளைக்காத வயசு.

அவர் பல வருஷம் பார்வையைத்தான் ஆராய்ந்தார். அதிலே ஒண்ணு சொல்றேன், வீட்டுக்குப் போய்ச் செஞ்சு பாருங்க. ஒரு தாளிலே வட்டம் போடுங்க. மேல்பாதியை வெளுப்பா விட்டு, கீழே போகப்போகக் கருப்பா பென்சில்ல தீட்டுங்க. முட்டை மாதிரி புடைச்சுக்கிட்டு நிற்கும். இப்போ தாளைத் தலைகீழாத் திருப்புங்க. புடைப்பு பள்ளமாயிடும்! தாள் அதே தாள்தான். வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்று மூளை நம்மைக் கேட்காமலே முடிவு பண்ணி வச்சிருக்கு. யுகயுகமாச் சூரியன் மேலேதானே இருக்கார்! இதைக் கண்டுபிடிக்க என்ன கருவி? பென்சில்.

சரி, பார்வையிலிருந்து 1990களின் தொடக்கத்திலே அவர் வேறு பக்கம் திரும்பினார். 'நான்' என்கிறோமே, 'என் கை, என் கால், என் அம்மா' என்கிறோமே, இந்த 'நான்' மூளையிலே எப்படி உண்டாகிறது? ஞானிகள் கேட்ட கேள்வி. அதை ஒரு டாக்டர் நோயாளிகளோட படுக்கை ஓரத்திலே உட்கார்ந்து கேட்டார்.

நடுவர் அவர்களே, இங்கே என் வீட்டு விஷயம் ஒண்ணு சொல்ல அனுமதி வேணும்.

என் மாமனார் இதே ஊர் செராமிக் தொழிற்பேட்டையிலே பொம்மை அச்சு எடுக்கிற வேலை பார்த்தவர். வெளியூர் நேயர்களுக்காகச் சொல்றேன். பீங்கான் பொம்மையை யாரும் ஒவ்வொண்ணாக் கையிலே பிடிச்சுச் செய்றதில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல இரண்டு பாதியா அச்சு இருக்கும். அதை ஒண்ணாச் சேர்த்துக் கட்டி, களிமண் கரைசலை ஊற்றுவாங்க. அச்சு தண்ணியை உறிஞ்சும். ஓரத்திலே மண் தோல் மாதிரி படியும். மிச்சத்தைக் கவிழ்த்துட்டு, அச்சைப் பிரிச்சா உள்ளே பிள்ளையார். காயவச்சுச் சூளைக்கு அனுப்பணும். அப்படி எத்தனையோ பிள்ளையாரை எடுத்த மனுஷன்.

சர்க்கரை வியாதி. வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாப் போச்சு. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த மூணாம் நாள் ராத்திரி, "அம்மாடி, வலது கால் கட்டைவிரலை யாரோ முறுக்கறாங்கம்மா"ன்னு அலறினார். விளக்கைப் போட்டோம். கால் இல்லை. ஆனா வலி இருக்கு. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது. நடிப்பு இல்லைங்க அது. என் மாமியார் தைலத்தை எடுத்துக்கிட்டு வந்து எங்கே தேய்க்கிறதுன்னு தெரியாம நின்னாங்க பாருங்க, அந்த நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது.

தெருவிலே என்ன பேசினாங்க? "பெரியவருக்குப் புத்தி கலங்கிடுச்சு" என்றார் ஒருத்தர். "எடுத்த காலை எங்கே புதைச்சாங்களோ, அங்கே ஏதாவது முறுக்கிக்கிட்டு இருக்கும்" என்றார் இன்னொருத்தர். கேட்கிறதுக்குச் சிரிப்பா இருக்கும். இதே மாதிரி எண்ணம் உலகம் பூரா இருந்திருக்கு. இங்கிலாந்துக் கடற்படைத் தளபதி நெல்சன் 1797இல் டெனரீஃப் தீவுச் சண்டையிலே வலது கையை இழந்தார். இல்லாத கையிலே விரல் பதியறது தெரிஞ்சுது அவருக்கு. "ஆன்மா உண்டு என்பதற்கு இதுவே சாட்சி" என்று அவர் எடுத்துக்கிட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு வெயர் மிட்செல் என்ற டாக்டர் இதுக்கு ஒரு பேரே வச்சார். நம்ம பாஷையிலே சொன்னா 'மாய உறுப்பு', பேய்க் கை, பேய்க் கால்.

பேர் வச்சாங்களே தவிர, வைத்தியம் வரல. வெட்டின இடத்திலே நரம்பு முனை உறுத்துதுன்னு நினைச்சு இன்னும் கொஞ்சம் மேலே வெட்டினாங்க. வலி போகலை. போனவனுக்குக் கை இன்னும் குட்டையானதுதான் மிச்சம்.

1991இல் டிம் பான்ஸ் என்பவரும் அவரோட சேர்ந்தவங்களும் குரங்குகளைப் பற்றி ஒரு செய்தி வெளியிட்டாங்க. கையிலிருந்து மூளைக்குச் சேதி போகிற நரம்பைப் பல வருஷம் முன்னாடி துண்டிச்ச குரங்குகள். மூளையிலே கைக்குரிய இடம் சும்மாக் கிடக்கும்னுதானே நினைப்போம்? குரங்கோட முகத்தைத் தொட்டா, அந்தக் கைக்குரிய இடம் வேலை செய்யுது! ராமச்சந்திரன் இதைப் படிச்சார். எத்தனையோ பேர் படிச்சிருப்பாங்க. இவர் மட்டும், "குரங்குக்குத் தெரியுது சரி. அது என்ன உணருதுன்னு குரங்கைக் கேட்க முடியாதே. மனுஷனைக் கேட்டால் என்ன?" என்றார்.

கையிழந்த ஒரு வாலிபரை உட்கார வைத்துக் கண்ணைக் கட்டினார். கருவி எடுத்தார். என்ன கருவி? காது குடையறோமே, அந்தப் பஞ்சுக் குச்சி! (கைதட்டல்) கன்னத்திலே தொட்டு, "எங்கே தொடறேன்?" என்றார். "கன்னத்திலே தொடறீங்க. ஆனா இல்லாத கையோட கட்டைவிரலையும் தொடறீங்க" என்றார் அவர். மேலுதட்டைத் தொட்டா ஆள்காட்டி விரல். முகத்திலே தண்ணி வழிய விட்டா, இல்லாத கையிலே தண்ணி வழியுது!

விருத்தாசலத்துக்காரங்களுக்கு இது புதுசா என்ன? சுந்தரர் பெருமான் இந்தத் திருமுதுகுன்றத்திலே பன்னிரண்டாயிரம் பொன்னை வாங்கி, நம்ம மணிமுத்தாற்றிலே போட்டு, திருவாரூர்க் குளத்திலே எடுத்தாரே! பரவை நாச்சியார் கேலி பண்ணினாங்க, "ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடறீங்களே"ன்னு. இந்த டாக்டர் கன்னத்திலே போட்டுக் கையிலே எடுத்தார். (கைதட்டல்)

அவர் சொன்ன காரணம் இது. கனடாவிலே பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர் முன்னாடியே மூளையிலே உடம்போட வரைபடம் இருக்கிறதைக் காட்டியிருந்தார். மூளையின் மேற்பரப்பிலே உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மனைக்கட்டு. ஆனா மனை வரிசை உடம்பிலே இருக்கிற மாதிரி இல்லை. கைக்குப் பக்கத்து மனை முகம். கை போனதும் அதோட இடம் காலியாக் கிடக்கு. பக்கத்து மனைக்காரன் சும்மா இருப்பானா? வேலியைத் தள்ளிப் போட்டுட்டான்! இது அவருடைய விளக்கம். இந்த வேலித் தகராறுக்கு மறுபடி வர்றேன், ஏன்னா கேஸ் இன்னும் முடியல.

இப்போ வலிக்கு வருவோம். சில பேருக்கு மாயக் கை அசையும். சில பேருக்கு அசையவே அசையாது. முறுக்கிக்கிட்டு, நகம் உள்ளங்கையிலே குத்துற மாதிரி இறுகிப்போய்க் கிடக்கும். இல்லாத விரலை எப்படிப் பிரிக்கிறது? அவர் யோசிச்சார். கை போகறதுக்கு முன்னாலே அது செயலிழந்து கிடந்திருக்கு. மூளை "அசை" என்று உத்தரவு போடும். கண்ணு பார்த்து "அசையலை" என்று சொல்லும். மறுபடி உத்தரவு, மறுபடி "அசையலை." இப்படியே சொல்லிச் சொல்லி, மூளை அசையாமையையே பாடமாப் படிச்சுடுச்சு. கையை வெட்டின பிறகும் அந்தப் பாடம் மறக்கலை. அப்படின்னா, ஒரே ஒரு தடவை கண்ணு "அசைஞ்சுது" என்று சொன்னால்?

ஒரு அட்டைப் பெட்டி. நடுவிலே நிமிர்த்தி வச்ச ஒரு கண்ணாடி. நம்ம முடிதிருத்தும் நிலையத்திலே இருக்கிற மாதிரி சாதாரணக் கண்ணாடி. இருக்கிற கையை ஒரு பக்கம் விட்டு, கண்ணாடியிலே பார்த்தால் அதோட பிம்பம் இல்லாத கை இருக்க வேண்டிய இடத்திலே தெரியும். புத்தகத்துக்காக பிலிப் என்று அவர் பேர் வச்ச ஒரு நோயாளி. மோட்டார் சைக்கிள் விபத்து; கையை எடுத்துப் பல வருஷம்; மாயக் கை உறைஞ்சு கிடக்கு, முழங்கையிலே தாங்க முடியாத வலி. "இரண்டு கையையும் சேர்த்து அசைக்கிற மாதிரி அசைச்சுக்கிட்டே கண்ணாடியைப் பாருங்க" என்றார் டாக்டர். பார்த்தார். "ஐயோ கடவுளே, என் கை அசையுது!" என்று கத்திட்டாராம். கண்ணை மூடினால் மறுபடி உறைஞ்சு போச்சு. திறந்தால் அசையுது. பெட்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். சில வாரம் கழிச்சு பிலிப் போன் பண்ணினார். "டாக்டர், மாயக் கையையே காணோம். முழங்கை போச்சு, வலியும் போச்சு. விரல்கள் மட்டும் தோளிலே தொங்குது" என்றாராம். இல்லாத கையை வெட்டி எடுத்த டாக்டர் உலகத்திலே அவர் ஒருத்தர்தான்! (நீண்ட கைதட்டல்)

ராமச்சந்திரனும் அவர் மனைவி டயான் ரோஜர்ஸும் 1996இல் இதை ஆராய்ச்சிக் கட்டுரையா வெளியிட்டாங்க. 2007இல் வாஷிங்டன் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையிலே, காலிழந்தவங்களை வச்சுச் சோதித்த முடிவு வந்தது. கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செஞ்ச ஆறு பேருக்கும் நாலு வாரத்திலே வலி குறைஞ்சது. துணி போட்டு மூடின கண்ணாடி முன்னாலே அதே பயிற்சி செஞ்ச ஆறு பேரிலே ஒருத்தருக்குத்தான் குறைஞ்சது. அதுக்கப்புறம் வந்த ஆய்வுகள்லே எல்லாருக்கும் இதே பலன் கிடைக்கலை. சில பேருக்கு நல்லாக் கேட்குது, சில பேருக்குக் கேட்கலை. ஆனால் கம்போடியாவிலே கண்ணிவெடியிலே காலிழந்த ஏழை விவசாயிக்கு சைக்கிள்ல கொண்டுபோய்க் கொடுக்கிற வைத்தியமா இது இருக்கு. எம்.ஆர்.ஐ. மெஷினை சைக்கிள் கேரியர்ல கட்ட முடியுமா, தம்பி?

என் மாமனார் என்ன ஆனார்னு கேட்கிறீங்க, முகத்திலேயே தெரியுது. உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட்கிட்ட இந்தக் கண்ணாடி விஷயத்தைக் கேட்டேன். "செய்யலாங்க, நானே சொல்லித் தர்றேன்" என்றார். பீரோ கண்ணாடியைக் கழற்றி, இரண்டு காலுக்கு நடுவிலே நீளவாக்கிலே நிறுத்தினோம். இடது காலை அசைக்கச் சொன்னார். கண்ணாடியிலே வலது கால்! மனுஷன் அசையாமப் பார்த்துக்கிட்டே இருந்தார். கண்ணு கலங்கிடுச்சு. கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு இருந்த மாமியார், "நாற்பது வருஷமா என் முகத்தை இப்படிப் பார்த்ததில்லை, காலைப் பார்க்கிறதைப் பாரு"ன்னாங்க. (பலத்த சிரிப்பு)

தினம் கால் மணி நேரம். முழுசாப் போச்சுன்னு சொல்ல மாட்டேன், மேடைக்காகப் பொய் சொல்லக்கூடாது. ராத்திரி மூணு மணிக்கு விளக்குப் போடறது நின்னுச்சு. அது போதும் எங்களுக்கு. மூளையிலே வரைபடம் இருக்கு என்கிற கதையை நான் அவருக்குச் சொன்னப்போ, அவர் சிரிச்சுக்கிட்டே, "இதுக்கா இவ்வளவு படிச்சாங்க? பொம்மை உடைஞ்சா என்னம்மா, அச்சு உள்ளே இருக்குதில்லே" என்றார். (கைதட்டல்)

இப்போ அந்த வேலித் தகராறு. எதிரணிக்காரங்க கையிலே இருக்கிற பெரிய ஆயுதமே இதுதான். அவங்க எடுக்கிறதுக்கு முன்னாலே நானே எடுத்து வச்சுடறேன். 2025இல் ஒரு ஆய்வு வந்தது. கையை எடுக்கப் போகிற மூணு பேரை, எடுக்கறதுக்கு முன்னாடியும் எடுத்த பிறகும் ஸ்கேன் பண்ணிப் பார்த்தாங்க. கைக்குரிய இடம் அப்படியே இருக்கு! உதட்டு மனைக்காரன் வேலியைத் தாண்டவே இல்லை என்கிறாங்க. அப்போ கன்னத்தைத் தொட்டா விரல் தெரிஞ்சதே, அது எப்படி? அதுக்கு விளக்கம் தேடிக்கிட்டு இருக்காங்க. ராமச்சந்திரன் கண்டது சரி, சொன்ன காரணம்தான் இப்போ கூண்டிலே நிற்குது. "பாருங்க, மெஷின்தான் திருத்திச்சு" என்று எதிரணி கை தட்டலாம். தட்டுங்க. ஆனா அந்த மெஷினுக்குள்ளே அந்த மூணு பேரை எதுக்குப் படுக்க வச்சாங்க? பஞ்சுக் குச்சி கேட்ட கேள்விக்காகத்தானே! எனக்கு இதிலே தனி சந்தோஷம் ஒண்ணு. மாமனார் சொன்ன அச்சு அப்படியே இருக்குன்னுதானே ஸ்கேனும் சொல்லுது!

இன்னொரு இடத்திலும் அவர் மேலே விமரிசனம் உண்டு. பிறர் செய்வதைப் பார்க்கும்போதே நம்ம மூளையும் செய்யற மாதிரி வேலை செய்கிற நரம்பணுக்களை இத்தாலியிலே பார்மா நகரத்திலே ரிசோலாட்டி குழுவினர் குரங்கிலே கண்டுபிடிச்சாங்க. ராமச்சந்திரன் அதைக் கொண்டாடினார். ஆட்டிசம் குழந்தைகளுக்கு இதிலே கோளாறு இருக்கலாம்னு வாதாடினார். பிறகு வந்த ஆய்வுகள் அதுக்கு ஆதரவா நிற்கலை. ஆசைப்பட்டுச் சொன்னார் என்றே நான் நினைக்கிறேன். கேள்வி கேட்கிறவனுக்கு இந்த ஆபத்து உண்டு. ஒரு பதில் ரொம்ப அழகா இருந்தா அதைக் கல்யாணம் பண்ணிக்கத் தோணும். (சிரிப்பு)

தாய்மார்கள் இருக்கிற சபை. ஒரு பிள்ளையோட கதையைச் சொல்லாமப் போக மனசு வரலை. கார் விபத்திலே தலையிலே அடிபட்டு, நினைவில்லாமக் கிடந்து பிழைச்சு வந்தான். எல்லாம் சரியாயிடுச்சு. நல்லாப் பேசறான். ஆனா பெத்த தாயைப் பார்த்து, "இந்தம்மா எங்க அம்மா மாதிரியே இருக்காங்க, ஆனா எங்க அம்மா இல்லை. வேஷம் போட்டு வந்திருக்காங்க" என்கிறான்! எந்தத் தாய் தாங்குவா, சொல்லுங்க? நம்ம பக்கமா இருந்தா முதல்ல வேப்பிலைதான் அடிச்சிருப்பாங்க. ராமச்சந்திரன் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். அதே அம்மா பக்கத்து அறையிலேயிருந்து போன்ல பேசினா, "அம்மா, எப்படி இருக்கீங்க?"ன்னு பாசமாப் பேசறான். நேரிலே வந்தா, "யாரு நீங்க?"

போன்ல அம்மா, நேர்ல அந்நியம். ஏன்? முகத்தை அடையாளம் காண மூளையிலே ஒரு இடம். அங்கேயிருந்து பாசம், பயம் எல்லாம் பிறக்கிற இடத்துக்கு ஒரு பாதை போகுது. அந்தப் பாதை அறுந்திருக்கும் என்றார். முகம் தெரியுது, உள்ளே அந்தச் சிலிர்ப்பு வரலை. 'அம்மாவைப் பார்த்தும் என் மனசு அசையலையே, அப்போ இது அம்மா இல்லை' என்று மூளை கணக்குப் போட்டுக்குது. காதிலேயிருந்து போகிற பாதை வேற, அது அறுபடலை. அதைச் சோதிக்க, கையிலே வேர்வை எவ்வளவு சுரக்குதுன்னு அளந்தார். நமக்கெல்லாம் அம்மா படத்தைக் காட்டினாக் கொஞ்சம் வேர்க்கும். அவனுக்கு வேர்க்கலை. அந்தத் தாய்க்கு இந்த விளக்கம் எவ்வளவு பெரிய ஆறுதலா இருந்திருக்கும்! பிள்ளை வெறுக்கலை, ஒரு கம்பி அறுந்திருக்கு, அவ்வளவுதான்.

இன்னொரு அம்மா. மூளையின் வலது பக்கம் பாதிச்சு இடது கை செயலிழந்து போச்சு. "அம்மா, இடது கையைத் தூக்க முடியுமா?" "ஓ, முடியுமே." தூக்கலை. "தூக்கிட்டீங்களா?" "தூக்கிட்டேனே!" பொய் சொல்லலை, உண்மையாவே தெரியலை. இத்தாலியிலே பிசியாக் என்பவர் முன்னாடி செஞ்சதைப் பார்த்து, ராமச்சந்திரனும் அந்த அம்மாவோட இடது காதிலே ஐஸ் தண்ணி விட்டார். இப்போ கேட்டா, "கை வரலை டாக்டர், ரொம்ப நாளாவே வரலை" என்றாங்க. உள்ளே எங்கேயோ ஒருத்தருக்கு உண்மை தெரிஞ்சிருக்கு! தண்ணியோட வேகம் குறைஞ்சதும் மறுபடி, "என் கைக்கென்ன, நல்லாத்தானே இருக்கு." வீட்டுக்குப் போய் யாரும் யார் காதிலேயும் தண்ணி ஊத்திடாதீங்க, மாமியாருக்கு உண்மை தெரியணும்னு ஆரம்பிச்சுடப் போறீங்க! (சிரிப்பு)

யோசிச்சுப் பாருங்க. கை இல்லை, 'இருக்கு' என்கிற நான். கை வரலை, 'வருது' என்கிற நான். அம்மா எதிரே நிற்கிறா, 'இல்லை' என்கிற நான். இதிலே எந்த 'நான்' நிஜ நான்? டி.என்.ஏ.வின் உருவத்தைக் கண்டவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக், கடைசிக் காலத்திலே சான் டியேகோவிலே இருந்துகொண்டு இதே விஷயத்தைத்தான் தேடிக்கிட்டு இருந்தார், 2004இல் மறைந்தார். ராமச்சந்திரனுக்கு அவர் நண்பர். இரண்டு பேரும் முழு விடை சொல்லிடலை. இன்னிக்கும் யாரும் சொல்லலை. சிவப்பு வெளிச்சம் கண்ணிலே பட்டா எந்த நரம்பணு துடிக்குதுன்னு மெஷின் காட்டிடும். அந்தச் சிவப்பு உங்களுக்குள்ளே எப்படி இருக்குன்னு எந்த மெஷினாலேயும் பார்க்க முடியலை. உங்களைத்தான் கேட்கணும். "எப்படி இருக்கு?"ன்னு கேட்கணும்.

மணி அடிச்சுட்டாங்க. எதிரணித் தம்பி அதுக்குள்ளே எழுந்து நின்னுட்டார். "இவ்வளவும் பேசறீங்களே, கண்ணாடியும் ஒரு கருவிதானே?"ன்னு கேட்கப் போறார், அவர் உதடு துடிக்கிறதிலேயே தெரியுது. அவர் கேட்கப் போறதும் ஒரு கேள்விதான், நடுவர் அவர்களே, அதைக் கொஞ்சம் குறிச்சுக்குங்க.